வயல் உரமும் கடல் விஷப்பாசியும்

வயலில் இட்ட உரம் முழுவதும் பயிருக்கே சேருவதில்லை என்பதைக் குடியானவர் அறிவர். மிஞ்சியது மழைநீரோடு வாய்க்காலுக்கும் ஆற்றுக்கும், முடிவில் சமுத்திரத்திற்கும் போய்ச் சேருகிறது. அங்கே அது விளைவிக்கக்கூடிய தீங்கிற்கு, வட ஐரோப்பாவில் 1988-ம் ஆண்டு மே, ஜூன் மாதங்களில் நிகழ்ந்தது தக்க திருஷ்டாந்தமாகும்.

டென்மார்க்குக்கும் ஸ்வீடனுக்கும் இடையேயுள்ள காட்டெகாட் கடலிலும், அதையடுத்து நார்வே வரை பரந்த ஸ்காகராக் கடலிலும், வெறுங்கண்ணுக்குப் புலப்படாத ஒரு பாசி அளவின்றிப் பெருகிற்று. அந்நாளில் கிரிசோக்ரோமுலினா எனப்பட்ட அவ்வினம் அதற்குமுன் விஷமுள்ளதென்று பெயர் பெற்றதன்று. ஆயினும் மீன்களும் சிப்பி முதலிய பிராணிகளும் கடற்பூண்டுகளுங்கூட மடிந்தன. நார்வேயில் சால்மன் மீன் வளர்ப்போர், தம் கூண்டுகளை உப்புக் குறைந்த உட்கழிகளுக்கு இழுத்துச் சென்று மீன்களைக் காக்க வேண்டியதாயிற்று.

இதில் கவனிக்கத்தக்கது சத்தின் அளவு மாத்திரமன்று, சத்துக்களின் விகிதமுமாகும். கடலின் நுண்பாசிகள் பொதுவாகத் தழைச்சத்து அணுக்கள் 16-க்கு மணிச்சத்து அணு 1 என்ற கணக்கில் உட்கொள்ளுகின்றன. அவ்வாண்டு குளிர்காலத்தில் உறைபனி குறைந்து மழை மிகுந்தபடியால், நிலங்களிலிருந்து தழைச்சத்து ஏராளமாய் வடிந்தது. வசந்தத்தில் முதலில் தழைப்பவை, கடற்பிராணிகளுக்கு நல்லிரையான சிலிகாப் பாசிகள். அவை சிலிகாவையும் மணிச்சத்தையும் பெரும்பாலும் தீர்த்துவிட, எஞ்சிய தழைச்சத்தைக் கொண்டு விஷப்பாசி தலையெடுத்தது. மணிச்சத்துக் குறைவில் வளர்க்குங்கால் அதன் விஷம் அதிகரிப்பதைப் பின்னர்ப் பரிசோதனைச் சாலையிலும் கண்டனர். சத்துக் குறைந்தால் விஷமும் குறையும் என்று பொதுப்படக் கூறுவது, ஆகவே, பொருந்தாது.

டென்மார்க் பார்லிமெண்டு 1987-லேயே, நீர்நிலைகளுக்குச் செல்லும் தழைச்சத்தை 50 சதவிகிதமும் மணிச்சத்தை 80 சதவிகிதமும் குறைக்கத் தீர்மானித்திருந்தது. சாக்கடை நீரைச் சுத்திகரித்ததால் மணிச்சத்து விரைவில் குறைந்தது. தழைச்சத்தோ பெரும்பாலும் வயலிலிருந்து வருவது. எருவைப் பல மாதம் சேமிக்கத் தொட்டிகள், குளிர்காலத்தில் நிலத்தை மூடும் பசும்பயிர், பண்ணைதோறும் உரக் கணக்கு எனப் பல ஏற்பாடுகளுக்குப் பின், 2003-ம் ஆண்டளவில்தான் அது ஏறத்தாழப் பாதியாயிற்று. ஒரு சத்தைத் துரிதமாய்க் குறைத்து மற்றொன்றைப் பின்தங்க விடுவது, விகிதத்தை மேலும் கெடுப்பதாகும் என்பது எமது அபிப்பிராயம்.

தொட்டிகளையும் பசும்பயிரையும் நாம் குறை கூறோம். கடலுக்குப் போகும் தழைச்சத்து குடியானவரின் பணமே. ஆனால் 1998-ம் ஆண்டுத் திட்டத்தில், லாபகரமான அளவினும் சுமார் 10 சதவிகிதம் குறைவாகவே தழைச்சத்து இடலாம் என்று தேசம் முழுவதற்கும் விதித்தது நியாயமன்று. கோதுமையின் புரதச்சத்துக் குறைந்ததென்று குடியானவர் முறையிட்டனர். 2015-ம் ஆண்டு இறுதியில் அவ்விதியைத் தளர்த்த முடிவாயிற்று. சில நிலங்களில் மிஞ்சும் தழைச்சத்து கடலை அடையுமுன் பெரும்பாலும் மண்ணிலேயே வாயுவாய் மாறிவிடுகிறது. வேறு சில நிலங்களிலிருந்து நேரே கழிகளுக்கு வடிகிறது. இரண்டிற்கும் ஒரே வெட்டு எங்ஙனம் பொருந்தும்? அந்தந்தக் கரையோர நீரின் நிலைமையைப் பார்த்துப் பகுதிவாரியாக விதிக்கும் முறை 2019-ல் தொடங்கியது. இருபது ஆண்டுகளுக்கு முன்னரே இதைச் செய்திருக்கலாம்.