எண்ணில் இல்லை டோன்

கிடார் ஆம்ப்ளிஃபையரின் முகப்பில் அச்சிட்டிருக்கும் எண்களுக்குள்தான் டோன் இருக்கிறது என்ற நம்பிக்கை வாசிக்கிற பிள்ளைகளைப் பாழாக்குகிறது. எந்தக் கலைஞர் சிக்னலைப் பெருக்கும் கெயினை எதில் வைத்தார், மேல் ஒலிக்கான ட்ரெபிளை எதில் வைத்தார் என்று தெரிந்தால் போதும், அவர் ஒலி நம் கைக்கு வந்துவிடுமாம். வராவிட்டால் நம் ஆம்ப் மட்டமாம், இன்னும் நாலு நாப் கூடுதலாக உள்ளதை வாங்க வேண்டுமாம். செகந்திராபாத்துக்கு வடக்கே போலாரத்திலும் பக்கத்து ஆல்வாலிலும் தோளில் கிடார் மாட்டிக்கொண்டு போகும் பையன்களிடம் கேட்டுப் பாருங்கள். அலைபேசியில் யாரோ ஒரு பிரபலத்தின் செட்டிங் படம் இருக்கும். அந்தப் படத்தை நம்பி அப்பாவின் பணத்தைச் செலவழித்தவர்கள், தவணையில் பொருள் வாங்கியவர்கள், கடைசியில் தன் கையே சரியில்லை என்று கிடாரை மூலையில் சாத்தியவர்கள் எனப் பலரைப் பார்த்துவிட்டேன். அந்த நம்பிக்கை அடிப்படையிலேயே தவறு.

போலாரம் இசைக்குப் புதிய ஊர் அல்ல. ஹைதராபாத் கன்டின்ஜென்ட் படை முகாமிட்ட இடம். மதராஸ் படையோடு வந்து செகந்திராபாத் கன்டோன்மென்ட்டில் தங்கிவிட்ட தமிழ்க் குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் இன்றும் இங்கே இருக்கிறார்கள். பட்டாளத்து பேண்டும் ஞாயிறு ஆராதனையின் கொயரும் இந்தப் பக்கத்துக் காதுகளுக்குப் பழக்கம். ஆகவே காது இல்லாத ஊர் என்று யாரும் சொல்ல முடியாது. இருக்கிற காதைப் பயன்படுத்தாதே, எண்ணைப் பார் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டோம் என்பதுதான் என் கோபம்.

நாப்கள் மண்டிய ஆம்ப் என்றால் எல்லோரும் காட்டுவது மெசா பூகியின் மார்க் வரிசையை. கலிஃபோர்னியாவில் ராண்டால் ஸ்மித் தொடங்கிய கம்பெனி. 1980களின் நடுவில் வந்த மார்க் டூ சி ப்ளஸ்ஸை மெட்டாலிகா 'மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்' ஆல்பத்தில் பயன்படுத்திய பிறகு அதற்குப் பெரும் மவுசு வந்தது. 2009இல் வந்த மார்க் ஃபைவில் மூன்று சானல், ஒவ்வொன்றிலும் மூன்று மோடு. சானலுக்குச் சானல் தனித்தனி கெயின், ட்ரெபிள், மிட், பேஸ், பிரசன்ஸ், மாஸ்டர். அது போதாதென்று 80, 240, 750, 2200, 6600 ஹெர்ட்ஸ் என ஐந்து ஸ்லைடர் கொண்ட ஈக்வலைசர். இதன் முன்னால் முதல்முறை நிற்பவனுக்கு யாராவது எண் சொன்னால் தேவலை என்று தோன்றுவது இயல்பு. அந்தப் பதற்றத்தை நான் குறை சொல்லவில்லை. பதற்றத்துக்குக் கொடுக்கப்படும் மருந்துதான் தவறு.

கனமான டிஸ்டார்ஷன் வேண்டும் என்றால் பையன் முதலில் பேஸ் நாப்பை ஏழுக்குத் தூக்குவான். மார்க் வரிசையில் அப்படிச் செய்தால் ஒலி சேறாகிவிடும். காரணம் எளிது. அந்த ஆம்ப்களில் ட்ரெபிள், மிட், பேஸ் மூன்றும் சிக்னலைக் கிழித்து டிஸ்டார்ஷன் ஆக்கும் கட்டத்துக்கு முன்னால் இருக்கின்றன. கீழ் அலைவரிசைதான் சிக்னலில் பெரிய அலை. அதை அதிகமாக உள்ளே விட்டால் அது முதலில் உடைந்து, கூடவே வரும் நடு ஒலியையும் மேல் ஒலியையும் குலைத்துவிடுகிறது. ஆகவே இந்த ஆம்ப்பை அறிந்தவர்கள் பேஸ் நாப்பை ஒன்று, இரண்டு என்று அடியில் வைப்பார்கள். ட்ரெபிளை ஏற்றி வைப்பார்கள். டிஸ்டார்ஷன் முடிந்த பிறகு வரும் ஸ்லைடர்களில் 80ஐ உயர்த்தி, 750ஐ இறக்கி, அடித்தளத்தை அங்கே மீட்டுக்கொள்வார்கள். பேஸ் நாப் டிஸ்டார்ஷன் எப்படி உடைய வேண்டும் என்பதைத் தீர்மானிக்கிறது. 80 ஸ்லைடர்தான் நாம் கேட்கும் பேஸைத் தருகிறது.

இது புரிந்தவனுக்கு எண் தேவையில்லை. புரியாதவன் 'ட்ரெபிள் ஏழு, பேஸ் ஒன்று' என்ற குறிப்பைத் தூக்கிக்கொண்டு ஒத்திகை அறையில் கிடக்கும் வேறு ஆம்ப்புக்குப் போகிறான். அது மார்ஷல் ஜேசிஎம் 800 பாணியில் ஆனது என்று வையுங்கள். அங்கே டோன் நாப்கள் கெயின் கட்டங்களுக்குப் பின்னால் இருக்கின்றன. அதே எண்ணை வைத்தால் தகர டப்பா சத்தம்தான் வரும். அவன் உடனே ஆம்ப்பைத் திட்டுகிறான். தவறு ஆம்ப்பிலும் இல்லை, அவன் விரலிலும் இல்லை.

எதுவும் தெரியாவிட்டால் எல்லாவற்றையும் ஐந்தில் வை, அதுதான் நடுநிலை என்பது இந்த நம்பிக்கையின் இன்னொரு கிளை. அதுவும் தவறு. ஃபெண்டர் பாஸ்மேன் ஆம்ப்பின் மின்சுற்றைப் பார்த்துத்தான் ஜிம் மார்ஷலின் கடையில் 1962இல் முதல் மார்ஷல் ஆம்ப் பிறந்தது. அந்தக் குடும்பத்து டோன் சுற்றுகள் எதையும் கூட்டுவதில்லை, குறைக்க மட்டுமே செய்கின்றன. ஒரு நாப்பைத் திருகினால் அடுத்த இரண்டின் வேலையும் மாறும். எல்லாம் ஐந்தில் இருக்கும்போது நடு ஒலியில் ஒரு பள்ளம் விழுந்திருக்கும். பழைய ஃபெண்டர் சுற்றில் ஏறத்தாழச் சமதளமான ஒலி வேண்டுமானால் மிட்டை முழுதாக ஏற்றி, ட்ரெபிளையும் பேஸையும் அடிமட்டத்துக்குக் கொண்டுவர வேண்டும். யாருக்கும் சட்டென்று நம்ப வராது. ஆனால் சுற்று அப்படித்தான் நடந்துகொள்கிறது.

எண் என்பதும் என்ன? நாப்புக்குள் இருப்பது ஒரு மாறுமின்தடை. பல நாப்களில் அது காதின் போக்குக்கு ஏற்றபடி வளைவாகச் செய்யப்பட்டது. பாதி திருகினால் பாதி வராது, பத்துப் பதினைந்து சதவீதம்தான் வரும். தயாரிப்பிலேயே இருபது சதவீதம் கூடுதல் குறைவு சாதாரணமாக ஏற்கப்படுகிறது. ஒரே மாடல், ஒரே வருடம், பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் இரண்டு ஆம்ப்பில்கூட 'ஆறு' ஒன்றல்ல. இதன்மேல் சிங்கிள் காயில் பிக்கப் கிடாருக்கும் ஹம்பக்கர் பிக்கப் கிடாருக்கும் உள்ள வேறுபாடு, நீளமான கேபிள் தின்றுவிடும் மேல் ஒலி, கம்பியின் பருமன் என்று எத்தனையோ சேர்கின்றன. பிரபலம் படம் எடுத்துப் போட்ட எண் அவருடைய பொருள்களின் கூட்டுக்கு மட்டுமே உரியது.

இவையெல்லாம் பொருள் சார்ந்தவை. இதைவிடப் பெரிய குழப்பம் நம் காதில் இருக்கிறது. ஃபிளெட்சரும் மன்சனும் 1933இலேயே அளந்து காட்டினார்கள்: சத்தம் குறைவாக இருக்கும்போது மனிதக் காது கீழ் ஒலியையும் மிக உயர்ந்த ஒலியையும் குறைத்துக் கேட்கிறது. படுக்கையறையில் அம்மா தூங்கும்போது ஹெட்ஃபோனில் டோன் அமைக்கும் பையன், அந்தக் குறையை ஈடுகட்ட பேஸையும் ட்ரெபிளையும் ஏற்றி, மிட்டைக் குடைந்து எடுத்துவிடுகிறான். தனியாகக் கேட்டால் பிரமாதமாக இருக்கும். சனிக்கிழமை ஒத்திகையில் டிரம்ஸ் தொடங்கியதும் அந்த டோன் காணாமல் போகும். கிடாரின் தடித்த கம்பி 82 ஹெர்ட்ஸ். அதற்குக் கீழே 41இல் தொடங்கி பேஸ் கிடாரும், அதே பகுதியில் கிக் டிரம்மும் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கின்றன. மேலே சிம்பல்கள். கிடாருக்கென்று எஞ்சியிருப்பது நடு ஒலிதான். அதைத்தான் அவன் வெட்டி எறிந்திருக்கிறான்.

வால்யூமை ஏற்றினால் வந்துவிடும் என்று ஏற்றுகிறான், வராது. அப்போது, 50 வாட் போதவில்லை, 100 வாட் வாங்க வேண்டும் என்று தோன்றுகிறது. வாட் இருமடங்கானால் கூடுவது 3 டெசிபல். காதுக்கு இருமடங்கு சத்தமாகப் படுவதற்கு ஏறத்தாழ 10 டெசிபல் வேண்டும். மிட் நாப்பைத் தொட்டிருந்தால் ஒரு பைசா செலவில்லாமல் முடிந்திருக்கும் காரியம் இது.

கொயரில் வாசிக்கும் பிள்ளைகளுக்கு நேரும் ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் அவர்கள்மேல் விழும் பழி அநியாயமானது. பன்னிரண்டு அங்குல ஸ்பீக்கர் ஏறத்தாழ 1,000 ஹெர்ட்ஸுக்கு மேலே போகப் போக ஒலியை விரித்துப் பரப்பாமல் கற்றையாக நேரே அனுப்புகிறது. ஆம்ப் தரையில், வாசிப்பவன் கணுக்காலுக்குப் பின்னால். கற்றை அவன் முழங்காலைத் தாண்டிப் போய்விடுகிறது, காதுக்கு எட்டுவது மங்கிய ஒலி. அவன் ட்ரெபிளை இன்னும் ஏற்றுகிறான். எதிரே முதல் வரிசையில் அமர்ந்திருக்கும் பெரியவர்கள் காதில் அது ஊசியாகக் குத்துகிறது. 'தம்பி, கிடாரைக் குறைப்பா' என்கிறார்கள். அவன் மனம் உடைகிறது. ஆம்ப்பை ஒரு நாற்காலிமேல் ஏற்றிக் கொஞ்சம் சாய்த்து வைத்தால் தீர்ந்துபோகிற சண்டை. எந்த செட்டிங் படமும் இந்த நாற்காலியைச் சொல்லாது.

அறையும் வாசிக்கிறது. போலாரத்து ஹோலி டிரினிட்டி ஆலயம் 1847இல் எழுந்தது. அதுபோன்ற உயரக் கூரைப் பழைய கட்டடத்தில் ஒலி போய்த் திரும்பி வர நேரமெடுக்கும். கெயினும் ரிவெர்பும் கூடினால் சொல் எதுவும் புரியாது. டைல்ஸும் கண்ணாடியும் பதித்த ஃபங்ஷன் ஹாலில் மேல் ஒலி சுவருக்குச் சுவர் தெறிக்கும். கரண்ட் போய் ஜெனரேட்டருக்கு மாறும்போது வோல்டேஜ் ஏறி இறங்கினால் வால்வு ஆம்ப்பின் தெம்பும் மாறும். மிருதங்க வித்வான் வாத்தியத்தின் இடப்பக்கமான தொப்பியில் ரவையைக் கச்சேரிக்குக் கச்சேரி அந்தந்த மேடையில் தட்டிப் பார்த்துத்தான் அப்புகிறார். நேற்று எத்தனை கிராம் என்று குறித்துவைத்து இன்று அதையே அப்பும் வித்வான் கிடையாது.

'அப்படியானால் கம்பெனியே கையேட்டில் மாதிரி செட்டிங் போட்டிருக்கிறதே?' என்று கேட்பார்கள். போட்டிருக்கிறது, தொடங்குவதற்காக. அங்கேயே நிற்பதற்காக அல்ல. 'பெரிய கலைஞர்கள் கெம்பர், ஹீலிக்ஸ் போன்ற டிஜிட்டல் ஆம்ப் கருவிகளில் முன்பே சேமித்த ப்ரீசெட் போட்டுக்கொண்டு உலகம் சுற்றுகிறார்களே?' உண்மை. அவர்கள் கூடவே அதே கிடார், காதுக்குள் மாட்டும் அதே மானிட்டர், ஒவ்வொரு ஊரிலும் மேடைக்கு எதிரே நின்று அன்றைய அரங்குக்கு ஒலியைத் திருத்தும் ஒரு சவுண்ட் இன்ஜினியர் எல்லாம் உண்டு. ப்ரீசெட் மாறாததற்குக் காரணம், மாற்ற வேண்டியதை வேறொருவர் மாற்றுகிறார் என்பது. ஆல்பத்தில் நாம் கேட்பதும் ஓர் ஆம்ப்பின் ஒலி மட்டுமல்ல. ஒரே பகுதியைத் திரும்பத் திரும்ப வாசித்து அடுக்கி, மைக் வைத்த இடத்தைத் தேர்ந்து, பிறகு மிக்ஸில் செதுக்கிய ஒலி. காசு கொடுத்து வாங்கும் ப்ரீசெட் தொகுப்பு இதில் எதையும் தருவதில்லை. பதினாறு வயதுப் பையனிடம் அதை விற்பவர்கள் இதைச் சொல்லியே விற்க வேண்டும் என்பது என் கோரிக்கை.

எண் இல்லாமல் முடியுமா என்று சந்தேகப்படுபவர்கள் மாண்டலின் ஸ்ரீநிவாஸை நினைத்துப் பாருங்கள். 1969இல் பாலகொல்லில் பிறந்த பிள்ளை. எட்டுக் கம்பி மாண்டலினை விட்டு, ஐந்து ஒற்றைக் கம்பி கொண்ட மின் மாண்டலினில் கர்நாடக சங்கீதத்தை வாசித்தார். மாண்டலினின் நாதம் மீட்டிய உடனே தேய்ந்துவிடும். கமகத்துக்கோ நாதம் நிற்க வேண்டும். அதற்குப் பிக்கப்பும் ஆம்ப்பும் வேண்டியிருந்தது. ஆனால் ட்ரெபிள் மிஞ்சினால் விரல் ஃப்ரெட்டின்மேல் வழுக்கும் உரசல் முன்னே வந்து கமகத்தைக் கெடுக்கும், கெயின் மிஞ்சினால் மீட்டின் மென்மை வன்மை எல்லாம் ஒரே மட்டமாகிவிடும். அவருக்கு முன்னால் அந்த வேலையைச் செய்து எண் குறித்துவைத்தவர் யாரும் இல்லை. ராகம் எப்படிக் கேட்க வேண்டும் என்று அவர் காதுக்குத் தெரிந்திருந்தது. பின்னால் கிடாரில் கர்நாடக சங்கீதம் வாசிக்க வந்த பிரசன்னாவும் ராக் கிடாரிஸ்ட் யாருடைய செட்டிங்கையும் வைத்துக்கொண்டு தோடியின் காந்தாரத்தை அசைத்திருக்க முடியாது.

போலாரத்துப் பிள்ளைகளே, அடுத்த ஒத்திகைக்கு ஒரு மாஸ்கிங் டேப் சுருளோடு போங்கள். ஆம்ப் முகப்பில் எண்கள் தெரியாதபடி ஒட்டுங்கள். டிரம்ஸும் பேஸும் பாடுபவரும் தொடங்கட்டும். அந்தச் சத்தத்துக்கு ஈடாக முதலில் வால்யூமை வையுங்கள், பிறகு கெயின், நினைத்ததைவிடக் குறைவாக. ட்ரெபிளை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை மெதுவாகத் திருகி, எங்கே உயிர் வருகிறது, எங்கே குத்துகிறது என்று கேளுங்கள். பிறகு மிட், கடைசியில் பேஸ், பேஸ் கிடார் வாசிப்பவருக்கு இடம் விட்டு. நீண்ட கேபிளோடு நடந்து போய் முதல் வரிசையில் நின்று கேளுங்கள். கிடார் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர்களுக்கும் ஒரு விண்ணப்பம்: மாணவன் 'சார், எதில் வைக்க?' என்று கேட்டால் எண் சொல்லாதீர்கள். 'இப்போது என்ன கேட்கிறது உனக்கு?' என்று திருப்பிக் கேளுங்கள், அவன் பதில் சொல்லும்வரை காத்திருங்கள்.