கண்ணுக்குத் தெரியற வெளிச்சம்னா இளக்காரமா?

"லேசர்ல டேட்டாவா? சிவப்பு லைட்டு எல்லாம் ஸ்கூல் எக்ஸிபிஷன் சமாச்சாரம் மச்சி. நிஜ வேலைக்கு இன்ஃப்ராரெட்தான்." இன்ஜினியரிங் நண்பன் ஒருத்தன் சொன்னது. நான் காமர்ஸ்தான், ஆனாலும் விடறதா இல்லை.

முதல்ல, வெளிச்சத்துல சேதி அனுப்பறது பொம்மை விளையாட்டு இல்லை. லேசர் வந்ததே 1960ல். அதுக்கு 80 வருஷம் முன்னாடி, 1880 ஜூன்ல, கிரகாம் பெல்லும் உதவியாளர் டெய்ன்டரும் வாஷிங்டன்ல சூரிய வெளிச்சத்துல குரலை ஏத்தி 213 மீட்டர் அனுப்பிட்டாங்க!

ரெண்டாவது, காசு. 2010ல நம்ம நாட்டு 3ஜி ஏலம் சுமார் 67,700 கோடி ரூபாய்க்குப் போச்சு. ஆனா சர்வதேச விதிகள்ல ரேடியோ அலைங்கறது 3,000 கிகாஹெர்ட்ஸோட முடிஞ்சுடுது. சிவப்பு லேசர் இருக்கறது சுமார் 4,61,000 கிகாஹெர்ட்ஸ்ல. ஏலக்காரர் சுத்தியல் அவ்வளவு உசரத்துக்கு எட்டலை :-)

"இது இன்ஃப்ராரெட்டுக்கும் பொருந்துமே"ங்கறீங்களா? பொருந்தும். இப்பதான் விஷயத்துக்கே வர்றேன்.

சிவப்பு லேசர் எங்க விழுதுன்னு எதிர்ச் சுவத்துல புள்ளியா தெரியும். குறி வைக்க தனிக் கருவி வேண்டாம். வழியில யாராவது குறுக்க வந்தா அவங்களுக்கும் தெரியும். கூசினா கால் செகண்டுல கண்ணு தானா மூடிக்கும். 1 மில்லிவாட்டுக்குள்ள இருக்கற 'கிளாஸ் 2' லேசருக்கான பாதுகாப்புக் கணக்கே இந்த இமைப்பை நம்பித்தான். இன்ஃப்ராரெட்டுக்குக் கண்ணு இமைக்காது. 2010ல அமெரிக்காவோட நிஸ்ட் ஆய்வகம், மலிவு விலை பச்சை லேசர் பாயிண்டர் ஒண்ணை அளந்து பார்த்தாங்க. 10 மில்லிவாட்னு போட்டிருந்த அதிலிருந்து கண்ணுக்குத் தெரியாத இன்ஃப்ராரெட் கிட்டத்தட்ட 20 மில்லிவாட் கசிஞ்சுது. பயமா இல்ல?

1550 நானோமீட்டர் இன்ஃப்ராரெட் விழித்திரை வரைக்கும் போகாது, அதனால பாதுகாப்பு அதிகம்னு சொல்லுவாங்க. உண்மைதான். ஆனா அதை வாங்கிப் பிடிக்க சாதா சிலிக்கான் டிடெக்டர் உதவாது. விலை கூடின வேற சாமான் வேணும். பர்ஸைப் பார்த்துட்டுப் பேசுங்க.

பனிமூட்டம் வந்தா சிவப்பு லேசர் படுத்துக்கும், ஒத்துக்கறேன். இன்ஃப்ராரெட்டும் கூடவே படுத்துக்கும். கிலோமீட்டர் கணக்குல போகணும்னா ஃபைபர் போடுங்க, நான் தடுக்கலை. தெருவைத் தோண்டாம எதிர் மாடிக்கு டேட்டா அனுப்பணுமா? அந்த தூரத்துக்கு 1 மில்லிவாட்டுக்குள்ள சிவப்பு லேசர் போதும்.

கண்ணைக் கெடுக்கக்கூடிய ஒரு பொருளை, கண்ணுக்குத் தெரியற மாதிரி வைக்கறதுதானே நியாயம்? அதைப் போய் எக்ஸிபிஷன் சமாச்சாரம்னு சிரிச்சா எப்படி மக்களே?