பெருநாள் புகையும் திங்கட்கிழமை ஸ்கூல் வேனும்



பெருநாள் அஸருக்குப் பிறகு நமது வீதியில் எழும்பிய டயர்ப் புகையைப் பார்த்துக் கை தட்டியவர்கள் நாம்தான். அந்தப் பழைய டொல்பின் வேன்தான் திங்கட்கிழமை நமது பிள்ளைகளை ஏற்ற வருகிறது.

பின்னுக்கு அகல டயர் போடுவதென்றால் உட்பக்க மட்கார்ட்டை வெட்டி, லீஃப் ஸ்பிரிங்கை உள்ளே தள்ளி, அக்சிலைக் குறுக்க வேண்டும். அது தேர்ந்த லேத் வேலை. நமது தம்பிமார் செய்வதோ ஸ்பேசர் வைத்து ரிம்மை வெளியே தள்ளுவது. பெயாரிங்குக்கும் வீல் போல்ட்டுக்கும் சுமை கூடுகிறது. சில்லு நின்ற இடத்தில் சுற்ற வேண்டுமென்று பின் பிரேக்கையும் துண்டித்துவிட்டால், பிள்ளைகளை நிறைத்துக்கொண்டு பள்ளத்தில் இறங்கும் வேன் எதை நம்பி நிற்கும்?

"அவன்ட வேன், அவன்ட காசு" என்கிறோம். உள்ளே இருப்பது நம்மட பிள்ளை. பெற்றோரும் கராஜ்காரரும் ஆசிரியர்களாகிய நாமும் வாய்மூடி இருந்துவிட்டு, ஒரு ஜனாஸாவுக்குப் பிறகு "அல்லாஹ்வின் நாட்டம்" என்பது நியாயமா?

நாளைக் காலை பிள்ளையை ஏற்றுமுன் குனிந்து பின் டயரைப் பார்ப்போம். மட்கார்ட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால், "ஏற்றமாட்டோம்" என்று முகத்துக்கு நேரே சொல்வோம்.