விண்மீனைச் சுட்டும் விரலும் விண்மீனை மறைக்கும் விளக்கும்

வானத்தைப் பார்ப்பதற்கு இனி வானம் தேவையில்லை என்று சொல்லத்தக்க காலம் வந்துவிட்டது. கைப்பேசியை உயர்த்திப் பிடித்தால் போதும். திரையில் விண்மீன்கள் பெயரோடும் உருவத்தோடும் அணிவகுத்து நிற்கின்றன. வேட்டைக்காரன் வில்லேந்தி வருகிறான். தேள் வாலை உயர்த்துகிறது. வியாழன் தன் நிலவுகளோடு காட்சி தருகிறது. மேகம் மூடியிருந்தாலும் கவலையில்லை, நண்பகலாயினும் தடையில்லை.

இத்தகைய செயலிகளைக் குறித்து நம்மிடையே இரு கட்சிகள் உண்டு. 'ஒவ்வொரு வீடும் கோளரங்கமாகிவிட்டது. இனி எல்லாரும் வானியலார்' என்று மார்தட்டுவது ஒரு கட்சி. 'விண்மீனுக்குப் பெயர்ப்பலகை மாட்டியாயிற்று. இனி வியப்பு எங்கே, இறைச்சிந்தனை எங்கே?' என்று பெருமூச்செறிவது மற்றொரு கட்சி. முன்னவர் கருவியைப் பூசிக்கிறார்கள். பின்னவர் அதனைச் சபிக்கிறார்கள். இரு சாராருமே உண்மையான குற்றவாளியைத் தப்பவிட்டுக் கருவியோடு மல்லுக்கு நிற்கிறார்கள் என்பதே இக்கட்டுரையின் வாதம். அந்தக் குற்றவாளி யார் என்பதைச் சொல்லுமுன், கருவிக்குரிய நியாயத்தை வழங்கிவிடுவோம்.

கருவியின் கணக்கு

இதில் மாயம் ஏதுமில்லை. கைப்பேசிக்குத் தான் நிற்கும் இடம் செயற்கைக்கோள்கள் வழியாகத் தெரியும், நேரமும் தெரியும். இடமும் நேரமும் தெரிந்தால், எந்த விண்மீன் எத்திசையில் எவ்வளவு உயரத்தில் இருக்கும் என்று கணக்கிட்டுவிடலாம். புவியீர்ப்பின் திசையை உணரும் முடுக்கமானி, கைப்பேசி எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று சொல்கிறது. காந்தமானி வடக்கு எது என்று சொல்கிறது. இவற்றைச் சேர்த்துப் பார்த்து, 'நீ இப்போது நோக்கும் திசையில் இருக்கவேண்டியது இது' என்று செயலி அறிவிக்கிறது. அருகில் இரும்புக் கம்பியோ வண்டியோ இருந்தால் காந்தமானி தடுமாறும்; கைப்பேசியை எட்டு வடிவில் சுழற்றினால் பெரும்பாலும் சீர்பெறும்.

இந்தச் சிறு திரைக்குப் பின்னே பெரும் உழைப்பு உண்டு. ஐரோப்பிய விண்வெளி முகமை 1989-இல் ஏவிய ஹிப்பார்க்கஸ் செயற்கைக்கோள் 1,18,218 விண்மீன்களின் இடத்தை நுட்பமாக அளந்தது. அந்தப் பட்டியல் 1997-இல் வெளியாயிற்று. 2013-இல் ஏவப்பட்ட கையா விண்கலம் ஏறத்தாழ 180 கோடி ஒளிப்புள்ளிகளைப் பதிவு செய்துவிட்டு, 2025-இல் பணி ஓய்ந்தது. ஃபாபியன் ஷெரோ என்னும் பிரெஞ்சு நிரலாளர் தொடங்கிய 'ஸ்டெல்லேரியம்' கணினியில் எவரும் விலையின்றிப் பெறத்தக்க மென்பொருளாக வளர்ந்து, பின்னர் கைப்பேசிக்கும் வந்தது. 2009-இல் வெளியான கூகுள் ஸ்கை மேப், பின்னர் அதன் நிரல் முழுவதும் பொதுவுடைமையாக்கப்பட்டு, இன்றும் தன்னார்வலர்களால் பேணப்படுகிறது. ஏழை மாணவன் ஒருவன் தன் தந்தையின் கைப்பேசியில், முன்பு செல்வர் வீட்டு நூலகத்தில் மட்டும் இருந்த வான்படத்தைப் பெறுகிறான் என்றால், அதனைப் பழிப்பது அறமாகாது.

அறிவு வியப்பைக் கொல்லுமா?

பெயர் தெரிந்ததும் வியப்பு மடிந்துவிடும் என்பது சோம்பலின் வாதம். தாய் தன் குழந்தையின் பெயரை அறிந்திருப்பதால் அதன்மீது அன்பு குறைகிறதா? பெயரறியாத கூட்டத்தை நாம் கடந்து போகிறோம். பெயரறிந்தவரிடம்தான் நின்று பேசுகிறோம்.

இந்த அச்சத்தைச் சமயத்தின் பெயரால் எழுப்புவோருக்கு நம் மண்ணின் வரலாறே மறுமொழி கூறும். 1689-ஆம் ஆண்டு டிசம்பரில், ழான் ரிஷோ என்னும் பிரெஞ்சு இயேசு சபைக் குரு, புதுச்சேரியிலிருந்து வால்மீன் ஒன்றைத் தொலைநோக்கியால் ஆராய்ந்துகொண்டிருந்தார். அப்போது தென்வானில் ஒளிரும் ஆல்ஃபா சென்டாரி ஒரு விண்மீனன்று, இணைபிரியா இரு விண்மீன்கள் என்பதைக் கண்டார். கதிரவனுக்கு மிக அண்மையிலுள்ள விண்மீன் தொகுதி அதுவே. அங்கிருந்து ஒளி நம்மை வந்தடைய நான்கு ஆண்டுகளுக்கு மேலாகிறது. அதன் இரட்டைத்தன்மை நம் கடற்கரையில் நின்ற ஒரு குருவின் கண்ணுக்குத் தென்பட்டது. மே மாத முன்னிரவில் தெற்கு அடிவானம் திறந்திருக்கும் இடத்தில் நின்றால், அந்த விண்மீனை நாமும் காணலாம்; அதனை அடையாளம் காட்டக் கைப்பேசியும் உதவும். தொலைநோக்கி ரிஷோவின் செபத்தைக் கெடுக்கவில்லை. செயலி நம் செபத்தைக் கெடுக்கும் என்பது ஏன்?

இல்லாத வானம்

ஆயினும் முதற்கட்சியார் வெற்றிக்களிப்பு அடையவேண்டாம். அவர்கள் போற்றும் கருவி ஒன்றை மட்டும் சொல்லத் தெரியாத கருவி. அது இருக்கவேண்டிய வானத்தைக் காட்டுகிறதேயன்றி, உங்கள் தலைக்கு மேலிருக்கும் வானத்தைக் காட்டுவதில்லை. தரையை நோக்கித் திருப்பினால், பூமிக்கு அப்பால் மறைந்திருக்கும் விண்மீனையும் பலவற்றில் காணலாம். தெருவிளக்கின் வெண்ணொளியில் நான்கே விண்மீன்கள் தப்பிப் பிழைத்திருக்கும் நகரத்திலும், திரையில் நாலாயிரம் மின்னும். பால்வழி வெள்ளி ஆறுபோல் ஓடும். நிமிர்ந்து பார்த்தால் சாம்பல் நிறப் புகைத்திரை. நகர ஒளியின் அளவைக் கூட்டிக் குறைத்துப் பார்க்கும் வசதி ஸ்டெல்லேரியத்தில் உண்டுதான். அந்த வசதியைத் தேடிச் சென்று தன் ஊரின் வறுமையைத் திரையில் காண விரும்புவோர் எத்தனை பேர்?

இங்குதான் தீங்கு நுழைகிறது. பொருள் தொலைந்தது என்று அறிந்தவன் தேடுவான். அதன் அழகிய படம் கையில் இருப்பவனுக்குத் தொலைந்ததே தெரியாது. செயலி வானத்தைத் திருடவில்லை. களவு போன வீட்டின் சுவரில் ஓவியத்தைத் தொங்கவிட்டு, நம்மை அமைதியாகத் தூங்கச் செய்கிறது.

களவு எவ்வளவு பெரிது? மாசற்ற இரவில், ஒரு நேரத்தில் சில ஆயிரம் விண்மீன்களை வெறுங்கண்ணால் காண முடியும். 2016-இல் வெளியான உலக இரவுவான் ஒளி வரைபடத்தின்படி, உலக மக்களுள் 80 விழுக்காட்டினருக்கு மேல் செயற்கை ஒளியால் மாசுற்ற வானத்தின்கீழ் வாழ்கின்றனர். மூன்றில் ஒரு பங்கினருக்கு மேல் பால்வழியைத் தம் இருப்பிடத்திலிருந்து காண முடிவதில்லை. 2011 முதல் 2022 வரை பொதுமக்கள் பலர் கண்ணால் கண்டு பதிந்த தரவுகளை ஆராய்ந்த கட்டுரை ஒன்று 2023-இல் 'சயன்ஸ்' இதழில் வந்தது. இரவு வானத்தின் ஒளி ஆண்டுக்குச் சராசரியாக 9.6 விழுக்காடு ஏறுகிறது என்பது அதன் முடிவு. இந்த வேகத்தில் போனால், 250 விண்மீன்கள் தெரியும் ஊரில் பிறந்த குழந்தை, தன் பதினெட்டாம் வயதில் அதே ஊரில் 100 விண்மீன்களையே காணும்.

இதற்குத் திருச்சபையின் வரலாற்றிலேயே ஒரு சான்று உண்டு. 1891-இல் திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ வத்திக்கான் விண்ணாய்வகத்தைப் புதுப்பித்து நிறுவினார். உரோமை நகரின் ஒளி பெருகவே, 1930-களில் அது காஸ்தல் கந்தோல்ஃபோவுக்கு இடம்பெயர்ந்தது. நகரின் ஒளி அங்கும் துரத்தி வந்தது. 1981-இல் அதன் ஆய்வுக்குழு அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்துக்குச் சென்றது. 1993-இல் அங்குள்ள கிரகாம் மலையில் அதன் தொலைநோக்கி அர்ப்பணிக்கப்பட்டது. திருத்தந்தையின் வானியலாரே விளக்கொளிக்கு அஞ்சிக் கடல் கடந்தார்கள் என்றால், நம் ஊர்ப் பிள்ளைகள் எங்கே போவார்கள்?

நம் கோபுரத்து விளக்குகள்

குற்றவாளி யார் என்ற கேள்விக்கு இப்போது விடை சொல்லலாம். மாநகராட்சியும் மின்வாரியமும் வணிக வளாகங்களும் தத்தம் பங்குக்குப் பொறுப்பேற்கட்டும். நாம் நம் வாசலைப் பார்ப்போம். எத்தனை ஆலயங்களில் கோபுரத்தை நோக்கிக் கீழிருந்து மேலாகப் பாய்ச்சிய ஒளிவிளக்குகள், பார்க்க ஓர் ஆள்கூட இல்லாத இரவு இரண்டு மணிக்கும் எரிந்துகொண்டிருக்கின்றன! கோபுரத்தில் படாத ஒளியெல்லாம் வானத்துக்குப் போகிறது. திருவிழா வந்தால் வண்ண விளக்குத் தோரணங்கள் விடிய விடிய மின்னுகின்றன. கடலோரப் பங்குகளில் வாழ்வோர் இன்னொன்றையும் அறிவார்கள்: முட்டையிலிருந்து வெளிவரும் பங்குனி ஆமைக் குஞ்சு, ஒளிரும் கடலை நாடவேண்டியது, கரையின் விளக்கைக் கடலென்று நம்பி எதிர்த்திசையில் ஊர்ந்து மடிகிறது.

இதில் வேதனையான முரண் ஒன்று உண்டு. திருவருகைக் காலம் வந்ததும் வீடுதோறும் தாள் விண்மீனைத் தொங்கவிடுகிறோம். மூன்று ஞானிகளுக்கு வழிகாட்டிய விண்மீனை நினைவுகூர்கிறோம். அந்த நினைவுக்காக ஏற்றும் விளக்குகளாலேயே உண்மையான விண்மீன்களை அணைத்துவிடுகிறோம்.

மத்தேயு நற்செய்தியின் இரண்டாம் அதிகாரத்தை மீண்டும் படியுங்கள். மெசியா எங்குப் பிறப்பார் என்ற கேள்விக்கு, தலைமைக் குருக்களும் மறைநூல் அறிஞரும் ஏட்டிலிருந்து சரியான விடை தந்தார்கள். ஊரின் பெயர்கூடப் பிழையாகவில்லை. ஆனால் அவர்களுள் ஒருவரும் எருசலேமை விட்டு அசைந்ததாக நற்செய்தி சொல்லவில்லை. நடந்தவர்கள், வானத்தை நிமிர்ந்து பார்த்த அந்நியர்கள். தகவல் எல்லாம் கையில் இருந்தும் நடக்காதவர்களின் வரிசையில், திரையிலே விண்மீன் பார்த்துவிட்டுப் படுக்கைக்குச் செல்லும் நாமும் நிற்கிறோம்.

மறுப்பும் மறுமொழியும்

'விளக்கை அணைத்தால் திருடர் வருவார்கள்' என்பார்கள். எவரும் இருட்டில் வாழச் சொல்லவில்லை. விளக்குக்கு மூடி போட்டு ஒளியைத் தரையை நோக்கித் திருப்புங்கள். நடப்பவர் காலுக்கு வெளிச்சம் மிகும், வானத்துக்கு இருள் மிஞ்சும். கூசும் வெண்ணொளிக்கு மாறாக மஞ்சள் சாயலுள்ள விளக்கை இடுங்கள். நீலம் கலந்த ஒளியே காற்றில் மிகுதியாகச் சிதறுகிறது. 'இறைவனின் மகிமைக்காக அன்றோ கோபுரத்தை ஒளிர்விக்கிறோம்' என்பாரும் உளர். அவர் படைத்ததை மறைத்து, நாம் கட்டியதைக் காட்டுவது யாருடைய மகிமை? பங்குப்பேரவைகள் இக்கேள்வியை அடுத்த கூட்டத்திலேயே எடுத்துப் பேசவேண்டும். இரவு பத்து மணிக்குமேல் கோபுர விளக்கு வேண்டாம் என்று தீர்மானிக்க ஆயரின் ஆணை தேவையில்லை. பணமும் செலவாகாது, மிச்சமாகும்.

செயலியை வைத்திருப்போருக்கும் ஓர் ஒழுங்கு வேண்டும். முதலில் கைப்பேசியைப் பையில் வைத்துவிட்டு இருபது, முப்பது நிமிடம் இருளில் நில்லுங்கள். கண் இருளுக்குப் பழக அவ்வளவு நேரம் பிடிக்கும். வெண்திரையை ஒருமுறை நோக்கினால் அந்தப் பழக்கம் குலைந்துவிடும். அதற்காகவே பல செயலிகளில் சிவப்புத் திரை வைத்திருக்கிறார்கள். கண்ணால் ஒரு விண்மீனைத் தேர்ந்துகொண்ட பிறகே அதன் பெயரைக் கேளுங்கள். பெயர் கிடைத்ததும் கைப்பேசியை மீண்டும் பைக்குள் வையுங்கள்.

கிடைத்த பெயரோடும் நின்றுவிடாதீர்கள். செயலி 'ஆல்டெபரான்' என்னும். அது 'பின்தொடர்வது' என்று பொருள்படும் அரபுச் சொல். நம் முன்னோர் அதனை ரோகிணி என்றார்கள். அது பின்தொடரும் கூட்டம் நம் கார்த்திகை. சங்கப் புலவர்களுக்கு அறுமீன். பெட்டல்ஜூஸ் நம் திருவாதிரை. கனோபஸ் நம் அகத்தியர். வீட்டிலுள்ள பாட்டியிடமும் கடலுக்குப் போய் வந்த பெரியவரிடமும் கேளுங்கள். செயலி சொல்லாத பெயர்கள் அவர்களிடம் இருக்கும். அவர்களுக்குப்பின் அவற்றைச் சொல்ல ஆளிருக்காது.

ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். கிறிஸ்து பிறப்புப் பெருவிழாவின் நள்ளிரவில், தமிழகத்தில் வேட்டைக்காரன் விண்மீன் கூட்டம் ஏறத்தாழ உச்சியில் நிற்கும். நேர் தெற்கே, அடிவானிலிருந்து சற்றே உயர்ந்து, அகத்தியர் ஒளிரும். இரண்டுக்கும் நடுவே, சற்றே கிழக்கில், இரவு வானின் மிக ஒளிமிக்க விண்மீனாகிய சிரியஸ். ஆண்டுதோறும் அந்த நேரத்தில் நாம் எல்லாரும் விழித்திருக்கிறோம். ஆண்டுதோறும் நம் விளக்குகளால் அவற்றை இழக்கிறோம். வரும் பெருவிழாத் திருப்பலி முடிந்ததும் ஆலய வளாகத்தின் வெளிவிளக்குகளைப் பத்து நிமிடம் அணைத்துவையுங்கள். செயலி அறிந்த இளைஞர் ஒருவர் விண்மீன்களைச் சுட்டிக்காட்டட்டும். குழந்தைகள் அண்ணாந்து பார்க்கட்டும். அதன்பின் அந்த விளக்குகளை மீண்டும் ஏற்றத்தான் வேண்டுமா என்பதை அக்குழந்தைகளிடமே கேளுங்கள்.