மெருகு போடப் போன காரில் வட்டக் கீறல்கள்



தீபாவளிக்கும் பொங்கலுக்கும் முன்னால் வீட்டைக் கழுவிச் சுவருக்குச் சாயம் அடிக்கிறோம். அதே கையோடு வாசலில் நிற்கும் காரையும் பட்டணத்துக் கடையில் விட்டு, மெருகு போட்டுத் தரச் சொல்கிறோம். கடையிலிருந்து வரும்போது கார் கண்ணாடிபோல் மின்னுகிறது. பிள்ளைகள் அதில் முகம் பார்க்கிறார்கள். இரண்டு முறை கழுவிவிட்டு, நல்ல வெயிலில் நிறுத்திப் பார்த்தால்தான் வயிறு பகீர் என்கிறது. கூரையிலும் பானெட்டிலும் சிலந்தி வலை பின்னியதுபோல் வட்டம் வட்டமாகக் கீறல்கள்! முன்பு இல்லாத கீறல்கள். காசு கொடுத்து வாங்கிய கீறல்கள்.

"கார் ஓடினால் போதாதா, சாயத்துக்கு என்ன கவலை?" என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் நம் குடும்பங்களில் கார் என்பது ஆடம்பரப் பொருள் அன்று. நடு இரவில் பிரசவ வலி கண்டால் மருத்துவமனைக்கு ஓடுவது அதுதான். விடியற்காலையில் தொழிற்சாலை வேலைக்கு மகளைக் கொண்டுபோய் விடுவதும் அதுதான். ஏழு ஆண்டு, ஒன்பது ஆண்டு என்று தவணை கட்டி முடித்தபின் கையில் மிஞ்சுவது அந்தக் காரின் விலை ஒன்றுதான். மேற்பூச்சு போனால் சாயம் வெளுக்கும். சாயம் போனால் துரு ஏறும். துரு ஏறினால் விலை போய்விடும். ஆகவே இது வெறும் பளபளப்பு விவகாரம் அன்று. உழைத்துச் சேர்த்த காசு பற்றிய விவகாரம்.

ஒரு தாளின் கனம்

கார்ச் சாயம் எப்படி அமைந்திருக்கிறது என்று தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். அடியில் இரும்புத் தகடு. அதன்மேல் துருவைத் தடுக்கும் அடிப்பூச்சு. அதற்குமேல் நிறம். எல்லாவற்றுக்கும் மேலே நிறமே இல்லாத ஒரு தெளிந்த பூச்சு. இதைத்தான் பட்டறைக்காரர்கள் 'கிளியர்' என்கிறார்கள். வெயிலையும் மழையையும் தாங்கி, அடியில் உள்ள நிறத்தைக் காப்பது இந்தக் கிளியர்தான்.

இத்தனை பூச்சுகளும் சேர்ந்து எவ்வளவு கனம் இருக்கும் என்று நினைக்கிறீர்கள்? சாதாரணமாக 100 முதல் 150 மைக்ரான் வரைதான். ஒரு மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. பிள்ளைகள் எழுதும் தாள் ஒன்றின் கனம் ஏறத்தாழ 100 மைக்ரான். அதாவது, நம் காரைத் துருவிலிருந்து காப்பாற்றும் கவசம் முழுவதும் ஒரு தாள், ஒன்றரைத் தாள் கனம்தான். அதிலே கிளியர் மட்டும் 40, 50 மைக்ரான். பாதித் தாள் கனம்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருவோம். மெருகு போடுவது என்றால் ஏதோ ஒன்றைப் பூசிச் சேர்ப்பது என்று பலர் எண்ணுகிறார்கள். அது தவறு. மெழுகு பூசுவதுதான் சேர்ப்பது. மெருகு போடுவது தேய்த்து எடுப்பது. மெருகுப் பசையில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய தூள் இருக்கிறது. அது கீறலைச் சுற்றியுள்ள கிளியரைக் கீறலின் ஆழம்வரை தேய்த்துச் சமமாக்குகிறது. கீறல் மறைவது அதனால்தான். தேய்ந்துபோன கிளியர் திரும்ப வளராது. ஒவ்வொரு மெருகும் அந்தப் பாதித் தாளிலிருந்து கொஞ்சம் எடுத்துவிடுகிறது. சேமிப்புக் கணக்கில் பணம் போட வழியில்லாமல் எடுக்க மட்டும் வழியிருந்தால் எவ்வளவு கவனமாக எடுப்போம்? அப்படித்தான் இதுவும்.

கீறல் எப்படி வந்தது?

பெரும்பாலும் மூன்று காரணங்கள். முதலாவது, சரியாகக் கழுவாமலே தேய்ப்பது. நம் தோட்டப் பாதைகளில் படியும் மண்ணில் நுண்ணிய மணல் உண்டு. மணல் கிளியரைவிடக் கடினமானது. அது பஞ்சுக்கு அடியில் மாட்டிக்கொண்டால் மெருகே மணல் தாளாகிவிடும்.

இரண்டாவது, இயந்திரம். ஒரே அச்சில் வேகமாகச் சுழலும் இயந்திரம் பழகிய கையில் நல்ல ஆயுதம். பழகாத கையில் ஆபத்து. கம்பளி மட்டையைப் போட்டு, கரடுமுரடான பசையால் வேகமாக வெட்டிவிட்டு, பின்பு நுண்ணிய பசையால் தேய்க்காமல் விட்டால், அதன் தடங்கள் வெயிலில் நிழலாட்டம்போல் தெரியும். கதவு ஓரங்களிலும் மடிப்புகளிலும் அழுத்திப் பிடித்தால், சூட்டிலேயே கிளியர் கழன்று நிறம் வெளிப்படும்.

மூன்றாவது, மறைத்துவிடுவது. எண்ணெய்ப் பசையுள்ள மெருகையோ மெழுகையோ பூசினால் கீறல்களின் பள்ளம் நிரம்பி, கடை விளக்கில் எல்லாம் சரியாகத் தெரியும். சவர்க்காரம் பட்டுப் பட்டு அது கரைந்த பிறகுதான் உண்மை வெளியே வரும்.

முதலில் சோதனை, பிறகு வேலை

கீறலைக் கண்டதும் ஆத்திரத்தில் வேறொரு கடைக்கு ஓடி, "இன்னொரு தடவை நன்றாகத் தேய்த்துக் கொடுங்கள்" என்று சொல்லாதீர்கள். எஞ்சியிருப்பதையும் இழக்க நேரிடும். முதலில் காரைக் கழுவி, நிழலில் காயவிட்டு, மூன்று சோதனைகளைச் செய்யுங்கள்.

ஒன்று: கீறலின் குறுக்கே விரல் நகத்தை மெல்ல இழுத்துப் பாருங்கள். நகம் மாட்டவில்லை என்றால் கீறல் மேலாக உள்ளது. மாட்டினால் ஆழமானது; அதைத் தேய்த்தே போக்க முயன்றால் கிளியர் தீர்ந்துவிடலாம்.

இரண்டு: கீறலின்மேல் தண்ணீர் தடவுங்கள். ஈரத்தில் மறைந்து, காய்ந்ததும் தெரிந்தால் அது கிளியரில்தான் இருக்கிறது. ஈரத்திலும் வெள்ளையாகவோ சாம்பலாகவோ தெரிந்தால் நிறத்தையும் தாண்டி அடிப்பூச்சு வரை போயிருக்கிறது.

மூன்று: ஓரங்களையும் மடிப்புகளையும் பாருங்கள். பளபளப்பே இல்லாமல் மங்கிய திட்டு, அதைச் சுற்றி ஒரு கோடு தெரிந்தால் அங்கே கிளியர் போய்விட்டது. எந்த மெருகும் அதைக் கொண்டுவராது. அந்தப் பாகத்துக்கு மறுபடி சாயமும் கிளியரும் அடிப்பதே வழி. நல்ல பட்டறைகளில் பூச்சின் கனத்தை அளக்கும் சிறு கருவி இருக்கும். அதை வைத்துப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

பழைய கார் வைத்திருப்போருக்கு ஒரு குறிப்பு. கிளியர் இல்லாமல் நிறம் மட்டுமே அடித்த கார்களும் உண்டு. வெள்ளைத் துணியில் சிறிது மெருகு தொட்டு, மறைவான ஓரிடத்தில் தேய்த்துப் பாருங்கள். துணியில் காரின் நிறம் ஒட்டினால் உங்கள் காருக்குக் கிளியர் இல்லை. அப்படியானால் தேய்வது நிறமேதான். இன்னும் சிக்கனமாகத் தேய்க்க வேண்டும்.

வீட்டிலேயே செய்யக்கூடியது

நகத்தில் மாட்டாத மேலான கீறல்களை நாமே கையால் குறைக்கலாம். இயந்திரம் தேவையில்லை, பொறுமை தேவை.

கார் உடம்பு குளிர்ந்திருக்கும் காலை வேளையில் நிழலில் நிறுத்துங்கள். முதலில் வெறும் தண்ணீரை ஊற்றி மண்ணைப் போக்குங்கள். பிறகு இரண்டு வாளி வையுங்கள். ஒன்றில் கார் சவர்க்காரம், மற்றதில் நல்ல தண்ணீர். துணியை ஒவ்வொரு முறையும் நல்ல தண்ணீரில் அலசிய பிறகே சவர்க்கார வாளியில் நனைக்க வேண்டும். கூரையில் தொடங்கிக் கீழே வாருங்கள். மண் அதிகம் படியும் கீழ்ப்பகுதி கடைசி.

கதவு ஓரம், மடிப்பு, கறுப்பு பிளாஸ்டிக் பாகங்கள் ஆகியவற்றின்மேல் ஒட்டுத் தாள் ஒட்டுங்கள். பிறகு இரண்டு உள்ளங்கை அகலத்துக்கு ஒரே ஓர் இடத்தைச் சோதனைக்கு எடுத்துக்கொள்ளுங்கள். உதிரிப்பாகக் கடையில் கிடைக்கும் மெருகுகளில் மிக நுண்ணியதையே முதலில் வாங்க வேண்டும். மென்மையான பஞ்சு மட்டையில் பட்டாணி அளவு மூன்று நான்கு பொட்டு வைத்து, அளவான அழுத்தத்தில், ஒரு கோட்டின்மேல் பாதி அடுத்த கோடு படும்படி தேய்த்துச் சுத்தமான மைக்ரோபைபர் துணியால் துடையுங்கள்.

கீறல் போய்விட்டதா, அல்லது எண்ணெய் மறைத்திருக்கிறதா? மருந்துக் கடையில் விற்கும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் ஒரு பங்கு, தண்ணீர் மூன்று பங்கு கலந்து அந்த இடத்தைத் துடைத்தால் எண்ணெய் நீங்கி உண்மை தெரியும். அண்மையில் சாயம் அடித்த காரில் மட்டும் இதைச் செய்ய வேண்டாம். நுண்ணிய மெருகிலேயே கீறல் போதிய அளவு குறைந்திருந்தால் அதோடு நில்லுங்கள். குறையவில்லை என்றால் மட்டும் ஒரு படி வலுவான மெருகால் தேய்த்து, மறுபடி நுண்ணியதால் முடியுங்கள். இரண்டடி தள்ளி நின்று பார்த்தால் தெரியாத கீறல் இருந்துவிட்டுப் போகட்டும். அதையும் ஒழிப்பேன் என்று தேய்ப்பவர் கீறலோடு கிளியரையும் ஒழித்துவிடுவார்.

முடிவில் மெழுகு பூசுங்கள். நம் ஊர் வெயிலுக்கும் மழைக்கும் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறை மெழுகு நல்லது.

இரும்பு தெரியும் அளவுக்கு ஆழமான கீறலை நாள் கடத்தாதீர்கள். நம் ஊர் ஈரக் காற்றில் துரு சீக்கிரம் பிடிக்கும். காரில் ஒட்டியிருக்கும் நிற எண்ணைக் குறித்துக்கொண்டு, அதே நிறத்தில் தொட்டுப் பூசும் சிறு புட்டியை வாங்கி, துரு இருந்தால் சுரண்டிச் சுத்தம் செய்து, அடிப்பூச்சு, நிறம், கிளியர் என்று வரிசையாகப் பூசுங்கள். அழகாக இல்லாவிட்டாலும் துரு நிற்கும்.

பற்பசையால் தேய்க்கலாம், சட்டி தேய்க்கும் நாரால் தேய்க்கலாம் என்றெல்லாம் அக்கம்பக்கத்தில் யோசனை சொல்வார்கள். கேட்டுக்கொள்ளுங்கள், செய்யாதீர்கள்.

காசைக் கேட்கும் உரிமை

கடைக்காரரின் கைத்தவறுக்கு நாம் ஏன் செலவழிக்க வேண்டும்? மலேசியாவில் 1999-ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் பொருளுக்கு மட்டுமன்றி வேலைக்கும் பொருந்தும். காசு வாங்கிச் செய்யும் வேலையைத் தக்க கவனத்துடனும் திறமையுடனும் செய்ய வேண்டும் என்பது சட்டம். ஆகவே சத்தம் போட வேண்டியதில்லை, முறையாகக் கேட்கலாம்.

முதலில், காரைத் தொடுவதற்கு முன்பே பகல் வெளிச்சத்தில் தேதியோடு படம் எடுங்கள். ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். கடைக்காரரிடம் காரைக் காட்டி, சரிசெய்து தர அவருக்கு ஒரு வாய்ப்புக் கொடுங்கள். அவரிடமே மறுபடி தேய்க்கக் கொடுக்கப் பயமாக இருந்தால், வேறு பட்டறையில் என்ன செலவாகும் என்று எழுதி வாங்கி அதைக் கேளுங்கள். பேசியதை எழுத்திலும் அனுப்பி வையுங்கள்.

மறுத்துவிட்டால் பயனீட்டாளர் நடுவர் மன்றம் இருக்கிறது. மனுக் கட்டணம் 5 வெள்ளி. 2019-இல் நடந்த திருத்தத்துக்குப் பிறகு 50,000 வெள்ளி வரை கோரலாம். சம்பவம் நடந்து மூன்று ஆண்டுகளுக்குள் மனுச் செய்ய வேண்டும். பொதுவாக வழக்கறிஞர்கள் அங்கே வாதாட முடியாது. நீங்களே உங்கள் கதையைச் சொல்லலாம். தீர்ப்பைக் கடைக்காரர் 14 நாட்களுக்குள் நிறைவேற்றாவிட்டால் அது குற்றம். சொந்த உபயோகத்துக்கான காராக இருக்க வேண்டும் என்பதை மட்டும் மறக்காதீர்கள். வியாபார லோரிக்கு இது பொருந்தாது. சிங்கப்பூர் வாசகர்களுக்குச் சிறு கோரிக்கை நடுவர் மன்றம் உண்டு. அங்கே 20,000 வெள்ளி வரை, இரு தரப்பும் சம்மதித்தால் 30,000 வெள்ளி வரை கோரலாம். காலம் இரண்டு ஆண்டு.

அடுத்த முறை கடைக்குப் போகும்போது

காரைக் கொடுக்கும் முன் கடைக்காரருடன் ஒரு சுற்று சுற்றி வாருங்கள். எந்த இயந்திரம், எந்த மட்டை, எத்தனை முறை தேய்ப்பீர்கள் என்று கேளுங்கள். சுழன்றுகொண்டே அசையும் இரட்டை அசைவு இயந்திரம் தடம் விடுவது குறைவு. முதலில் பானெட்டின் ஒரு மூலையில் மட்டும் செய்து, வெயிலில் காட்டச் சொல்லுங்கள். இதற்கெல்லாம் முகம் சுளிப்பவரிடம் காரைக் கொடுக்காமல் திரும்புவதே லாபம். இடைப்பட்ட நாளில் காய்ந்த புழுதியைப் பழைய பனியனாலோ இறகுத் துடைப்பத்தாலோ துடைக்காதீர்கள். பாதிக் கீறல் அதில்தான் பிறக்கிறது.

வெட்டுக் கத்தியைத் தீட்டினால் கூர் வரும் என்பது மரம் வெட்டிய கைகளுக்குத் தெரியும். தீட்டத் தீட்டக் கத்தி தேயும் என்பதும் அதே கைகளுக்குத் தெரியும். காரின் சாயத்துக்கும் அந்தக் கணக்கையே போடுங்கள். தேவைக்குத் தீட்டுங்கள், ஆசைக்குத் தீட்டாதீர்கள்.

அடுத்த இதழில் சந்திப்போம்.