காதலர்களைக் கொன்றது யார்?

ஒரு நாடகத்தையும் அதைத் தழுவிய படத்தையும் ஒப்பிடு என்று கேள்வி வந்தால், நம் இலக்கிய மாணவர்கள் பலரும் பட்டியல் போட ஆரம்பித்துவிடுகிறார்கள். ஷேக்ஸ்பியரின் ‘ரோமியோ ஜூலியட்’டையும், பாஸ் லுர்மன் 1996-இல் எடுத்த படத்தையும் எடுத்துக்கொண்டால் வாளுக்குப் பதில் துப்பாக்கி, இத்தாலிய நகரமான வெரோனாவுக்குப் பதில் கடற்கரை நகரம், முன்னுரை சொல்லும் நடிகருக்குப் பதில் தொலைக்காட்சி செய்தி வாசிப்பாளர் என்று பட்டியல் நீளும். இதில் தவறில்லை. ஆனால் இவ்வளவும் வெளித்தோற்றம். துன்பியல் காதல் கதையில் முதலில் கேட்க வேண்டியது வேறு: காதலர்கள் யாரால், எதனால் சாகிறார்கள்?

நாடகத்தில் அவர்களைச் சாகடிப்பது பாதி குடும்பப் பகை, பாதி தற்செயல். ஜூலியட் சாகவில்லை, மயக்க மருந்தில் கிடக்கிறாள் என்று ரோமியோவுக்குச் சொல்லும் கடிதம் போய்ச் சேரவில்லை. கொண்டுபோன துறவியைக் கொள்ளைநோய் சந்தேகத்தில் ஒரு வீட்டுக்குள் வைத்து அடைத்துவிடுகிறார்கள். படத்தில் கொள்ளைநோய் இல்லை. தபால்காரர் வரும் நேரத்தில் ரோமியோ அங்கே இல்லை, அவ்வளவுதான். நாடகத்தின் கல்லறைக் காட்சியில் ரோமியோ பாரிஸ் என்ற இளைஞனைக் கொல்கிறான். படம் அந்தக் கொலையை எடுத்துவிட்டு நாயகனின் கறையைக் குறைக்கிறது. நாடகத்தில் ரோமியோ இறந்த பிறகுதான் ஜூலியட் விழிக்கிறாள். படத்தில் அவன் நஞ்சைக் குடிக்கும் கணத்திலேயே விழித்துவிடுகிறாள். இதுவும் புதிதல்ல; 1748-லேயே ஆங்கில நாடக நடிகர் டேவிட் கேரிக் தன் மேடையில் இருவரையும் கடைசியாகப் பேசவிட்டார்.

பெரிய மாற்றம் இறுதியில் இருக்கிறது. நாடகத்தில் இரண்டு தந்தையரும் கைகோத்துச் சமாதானமாகிறார்கள். பிள்ளைகளுக்குப் பொற்சிலை வைப்பதாக வாக்குக் கொடுக்கிறார்கள். படம் அந்தச் சமாதானத்தைக் காட்டவில்லை. காவல்துறைத் தலைவரின் கண்டிப்போடும் தொலைக்காட்சிச் செய்தியோடும் முடிந்துவிடுகிறது. பிள்ளைகளின் சாவு பெரியவர்களைத் திருத்தும் என்ற ஷேக்ஸ்பியரின் ஆறுதலை 1996-இன் படம் மறுக்கிறது. வசனம் அதேதான், தீர்ப்பு வேறு.

தமிழில், காதலர்களைக் கொல்வது யார் என்ற கேள்விக்கு இன்னொரு விடை 1937-இலேயே கிடைத்தது. தமிழ் தெரியாத அமெரிக்கரான எல்லிஸ் ஆர். டங்கன், கம்பர் மகன் அம்பிகாபதியின் கதையை எம். கே. தியாகராஜ பாகவதரை வைத்து ‘அம்பிகாபதி’யாக எடுத்தார். காதல் காட்சிகளுக்கு ‘ரோமியோ ஜூலியட்’டை முன்மாதிரியாகக் கொடுத்து இளங்கோவனை வசனம் எழுதச் செய்தார். காட்சி அங்கிருந்து வந்தது; சாவு வரவில்லை. வழிவழியாகச் சொல்லப்படும் கதையில், சிற்றின்பம் கலக்காமல் நூறு பாடல் பாடினால் உயிர் பிழைக்கலாம் என்பது, தன் மகளைக் காதலித்த அம்பிகாபதிக்கு அரசன் வைத்த சோதனை. கடவுள் வாழ்த்தையும் சேர்த்து எண்ணிய இளவரசி அமராவதி, ஒன்று குறையும்போதே நூறு முடிந்ததென்று வெளியே வந்துவிடுகிறாள். அவளைக் கண்டதும் அவன் வாயில் காதல் பாட்டு வந்துவிடுகிறது, தலை போகிறது. எண்ணிக்கைப் பிழை இங்கே தற்செயல்போலத் தெரியும். ஆனால் சோதனையை வைத்ததும் கொல்ல ஆணையிட்டதும் அரசன். விதியின் மேல் பழி போட இந்தக் கதை இடம் கொடுப்பதில்லை.

2025 ஆகஸ்டில் அதே பெயர் மீண்டும் செய்தியில் வந்தது. தனுஷ் நடித்த இந்திப் படமான ‘ராஞ்சனா’வின் தமிழ் மொழிமாற்றமான ‘அம்பிகாபதி’யை, செயற்கை நுண்ணறிவால் நாயகன் பிழைத்துக்கொள்வதாக முடிவை மாற்றி மறுவெளியீடு செய்தார்கள். இயக்குநர் ஆனந்த் எல். ராயும் தனுஷும் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். தழுவுவதற்கும் இதற்கும் உள்ள வேறுபாடு எளிது. தழுவுபவர் சாவுக்குக் காரணத்தை மாற்றலாம், பழியை இடம் மாற்றலாம். அதற்கு அவர் கதையைப் படித்துத் தன் விடையைச் சொல்கிறார் என்று பொருள். சாவை மட்டும் அழித்துவிட்டால் கேள்வியே அழிந்துபோகிறது.

நம் கடலூர் மாவட்டத்துக்கு இந்தக் கேள்வி ஏட்டுச் சுரைக்காய் அல்ல. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்த இருவர், சாதி கடந்து காதலித்து, 2003 மே மாதம் கடலூரில் பதிவுத் திருமணம் செய்துகொண்டனர். வீட்டுக்குத் தெரியாத திருமணம், இரண்டு மாதத்தில் நஞ்சு என்று பார்த்தால் வெரோனாவின் கதைதான். ஆனால் இங்கே எந்தக் கடிதமும் தவறவில்லை. நஞ்சை அவர்கள் தாமாகக் குடிக்கவும் இல்லை. விருத்தாசலம் அருகே பெண்ணின் உறவினர்களே அவர்களைப் பிடித்து, நஞ்சு புகட்டிக் கொன்றார்கள். கடலூர் நீதிமன்றத் தீர்ப்பு வர 2021 ஆனது. தண்டனை பெற்றவர்களில் காவல்துறையினரும் உண்டு. அந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் இறுதித் தீர்ப்பு சொன்னது 2025 ஏப்ரலில்.

ஆகவே, ‘ரோமியோ ஜூலியட்’டை நம் மண்ணுக்குக் கொண்டுவர நினைப்பவர் உடையையும் ஊரையும் மாற்றினால் போதாது. தற்செயலை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் கொன்ற கையைக் காட்ட வேண்டியிருக்கும். ஒப்பீடு கற்பிக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: பட்டியலை மாணவர்களே போட்டுக்கொள்வார்கள். காதலர்களைக் கொன்றது யார் என்ற கேள்வியை வகுப்பில் நீங்கள் கேளுங்கள்.