சந்தைக்குப் போய்வந்த மகனிடம் கேட்கிற கேள்வி



நமது அலுவலகத் தபாலில் கதை, கவிதை, கடிதங்களோடு துண்டறிக்கைகளும் வருகின்றன. ஏரியைக் காக்க ஒரு குழு, மூடப்போகும் அரசுப் பள்ளிக்காக ஒரு குழு, தூய்மைப் பணியாளர்களின் பணி நிரந்தரத்துக்காக இன்னொரு குழு. எழுதியவர்களின் அக்கறை ஒவ்வொரு வரியிலும் தெரிகிறது. ஆனால் பெரும்பாலானவை ஏற்கெனவே அவர்கள் பக்கம் நிற்பவர்களுக்கென்றே எழுதப்பட்டவை போல இருக்கின்றன. கொள்கையின் பெயர், அரசாணை எண், கண்டனம், கூட்டம் நடக்கும் நேரம். பேருந்து நிலையத்தில் அந்தத் தாளை வாங்குகிறவர் இரண்டாவது வரிக்குப் போவதற்குள் மடித்துப் பையில் வைத்துவிடுகிறார். நியாயம் நம் பக்கம் இருந்தால் சொல் தானாக வந்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். ஆனால் சொல்லும் பாடுபட்டுக் கற்க வேண்டிய ஒன்றுதான். அப்படிக் கற்றவர்களின் கதையை இந்த மாதம் உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

ராஜஸ்தானின் நடுப்பகுதியில் பீம் என்ற சிற்றூர். அதன் அருகே தேவ்டுங்கிரி. 1987-ல் அங்கே ஒரு மண் வீட்டில் குடியேறினார்கள் அருணா ராய், நிகில் டே, சங்கர் சிங், அவர் மனைவி அன்ஷி. அருணா ராய் சென்னையில் பிறந்தவர், கலாக்ஷேத்ராவில் படித்தவர். ஐ.ஏ.எஸ். பணியை எழுபதுகளின் நடுவில் விட்டுவிட்டுக் கிராமத்துக்கு வந்தவர். சங்கர் சிங் அந்த வட்டாரத்துக்காரர், பொம்மலாட்டக் கலைஞர். ஊர் எதற்குச் சிரிக்கும், எதற்குக் கோபப்படும் என்று அறிந்தவர். மற்றவர்களுக்கு மொழி சொல்லிக் கொடுத்தவர் அவர் என்றே நான் எண்ணுகிறேன்.

மழை பொய்க்கும் ஊர்கள் அவை. பஞ்ச நிவாரண வேலைதான் பலருக்குச் சோறு போட்டது. குளம் வெட்டுவார்கள், சாலைக்குக் கல் உடைப்பார்கள். கூலி கொடுக்கும் நாளில் சட்டப்படியான குறைந்தபட்சக் கூலி கைக்கு வராது. "நீங்கள் வேலை செய்யவில்லை, அளவு குறைகிறது" என்று பதில் வரும். செய்தோம் என்று எப்படி நிரூபிப்பது? யார் யார் எத்தனை நாள் வேலை செய்தார்கள் என்பது மஸ்டர் ரோல் என்ற பதிவேட்டில் இருக்கிறது. அதைக் காட்டுங்கள் என்றால், அது அரசாங்க ரகசியம். 1923-ம் ஆண்டு அலுவலக ரகசியச் சட்டம் அரசாங்கத்துக்குத் துணை நின்றது.

1990 மே முதல் நாள் பீமில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற அமைப்பு பிறந்தது. உழைப்பாளர்களும் சிறு விவசாயிகளும் சேர்ந்த சங்கம். கூலி கேட்டு உண்ணாவிரதம் இருந்தார்கள். அந்தப் போராட்டங்களிலிருந்துதான், பதிவேட்டைப் பார்க்காமல் கூலியை வாங்க முடியாது என்ற பாடம் அவர்களுக்குக் கிடைத்தது. கருத்துச் சுதந்திரம், வெளிப்படைத்தன்மை என்றெல்லாம் நகரத்து அறிஞர்கள் பேசிக்கொண்டிருந்த விஷயத்துக்கு இவர்கள் வயிற்றின் வழியாக வந்து சேர்ந்தார்கள். கேட்டதும் சிறியது: பில், வவுச்சர், மஸ்டர் ரோல் ஆகியவற்றின் நகல். சட்டத்தைத் திருத்து, அமைப்பை மாற்று என்று தொடங்கியிருந்தால் பீம் சந்தையில் எத்தனை பேர் நின்று கேட்டிருப்பார்கள்? நகல் என்றால் எல்லோருக்கும் புரியும். தர மறுப்பவர் எதையோ மறைக்கிறார் என்பதும் புரியும்.

1994 டிசம்பரில் கோட் கிரானா என்ற ஊரில் முதல் ஜன் சுன்வாய், அதாவது மக்கள் விசாரணை, நடந்தது. எப்படியோ கிடைத்த பதிவுகளை ஊரார் முன்னால் உரக்க வாசித்தார்கள். இன்னார், இத்தனை நாள் வேலை, இவ்வளவு கூலி. பெயருக்குரியவர் எழுந்து, "நான் அந்த வேலைக்குப் போகவே இல்லையே" என்றார். இறந்துபோனவர்களின் பெயர்களும் பட்டியலில் இருந்தன. முடியாத கட்டடம் முடிந்ததாக எழுதப்பட்டிருந்தது, அதைத் தினமும் கடந்து போகிறவர்கள் அங்கே உட்கார்ந்திருந்தார்கள். மேடையில் இருந்தவர்கள் "ஊழல்" என்று ஒரு முறைகூடச் சொல்லத் தேவைப்பட்டிருக்காது. கேட்பவரே முடிவுக்கு வந்துவிடுகிறார், தன் வாயால் அதைச் சொல்லியும் விடுகிறார். இப்படிப் பிறந்த நம்பிக்கையை யாராலும் எளிதில் கலைக்க முடியாது.

அந்த விசாரணைகளில் அதிகாரிகளையும் ஊராட்சித் தலைவர்களையும் அழைத்தார்கள், பதில் சொல்ல இடம் கொடுத்தார்கள். இதை மிக முக்கியமாக நினைக்கிறேன். எதிர்த் தரப்பை வசைபாடும் கூட்டத்தில், ஒதுங்கி நின்று பார்ப்பவர் இன்னும் ஒதுங்குகிறார். அவரும் பேசட்டும் என்று இடம்விடும் கூட்டத்தில் அவர் கொஞ்சம் நெருங்கி வருகிறார். பின்னர் நடந்த விசாரணைகளில் சில ஊராட்சித் தலைவர்கள் ஊரார் முன்னிலையில் பணத்தைத் திருப்பிக் கொடுத்ததும் உண்டு.

உள்ளாட்சி வேலைகளின் ஆவணங்களுக்கு நகல் தருவோம் என்று 1995 ஏப்ரலில் முதலமைச்சர் பைரோன் சிங் ஷெகாவத் சட்டமன்றத்தில் அறிவித்தார். ஓராண்டாகியும் ஆணை வரவில்லை. 1996 ஏப்ரல் 6-ம் தேதி பியாவர் நகரில் தர்ணா தொடங்கியது. அதற்கு முன்பு சங்கத்தினர் ஊர் ஊராகப் போய், வீட்டுக்குக் கொஞ்சம் தானியமும், வந்து உட்கார சில நாட்களும் கேட்டிருந்தார்கள். தானியம் கொடுத்த வீடு அந்தப் போராட்டத்தை மறக்குமா? நாற்பது நாள் நடந்த தர்ணாவில் பாட்டும் பொம்மலாட்டமும் நாடகமும் இருந்தன. கடைவீதிக்கு வருகிறவர்கள் நின்று பார்த்தார்கள், சிரித்தார்கள், பிறகு உட்கார்ந்தார்கள். நகரத்து வியாபாரிகளும் தொழிற்சங்கத்தினரும் கைகொடுத்தார்கள். "எங்கள் பணம், எங்கள் கணக்கு" என்ற முழக்கம் அங்கேதான் ஊரெங்கும் பரவியது. வரி கட்டுகிற கடைக்காரரும் கல் உடைக்கிற பெண்ணும் ஒரே மூச்சில் சொல்லக்கூடிய முழக்கம் அது.

அந்த முழக்கத்தின் பொருள் சுசீலா என்ற சங்க உறுப்பினர் சொன்ன பதிலில் இருக்கிறது. அருணா ராய் பல இடங்களில் சொல்லியிருக்கும் சம்பவம் இது. டெல்லியில் பத்திரிகையாளர் சந்திப்பு. அதிகம் படிக்காத இந்தப் பெண்ணுக்குத் தகவல் உரிமை எதற்கு என்ற தொனியில் கேள்வி வந்தது. மகனிடம் பத்து ரூபாய் கொடுத்துச் சந்தைக்கு அனுப்பினால், திரும்பி வந்ததும் கணக்குக் கேட்கிறேன். என் பெயரைச் சொல்லி அரசாங்கம் கோடி கோடியாகச் செலவழிக்கிறதே, அதற்குக் கணக்குக் கேட்க வேண்டாமா? இதுதான் அவர் சொன்னதன் சாரம்.

அந்தப் பதிலைக் கொஞ்ச நேரம் கையில் வைத்துப் பாருங்கள். அதில் புதிய கருத்து எதுவும் இல்லை. கேட்பவருடைய வீட்டில் ஏற்கெனவே நடக்கிற காரியம் இருக்கிறது. கணக்குக் கேட்பது நல்ல தாயின் வேலை, அதில் பகையும் இல்லை, வெட்கமும் இல்லை. அரசாங்கத்திடம் கேட்பது அத்துமீறல் என்று நினைத்துக்கொண்டிருந்தவர், தான் தினமும் செய்வதையே இன்னும் கொஞ்சம் நீட்டிச் செய்கிறோம் என்று உணர்கிறார். முற்போக்கு இயக்கங்கள் மக்களின் பழைய எண்ணங்களை மாற்றுவதிலேயே ஆற்றலைச் செலவிடுகின்றன. அந்த எண்ணங்களுக்குள்ளேயே நமக்குச் சாதகமான நீதியுணர்வு இருப்பதை சுசீலா கண்டுகொண்டார். அறையில் உட்கார்ந்து யோசித்தவர்களுக்கு இது கிடைத்திருக்காது. வருடக்கணக்கில் ஒரே கூலிக்களத்தில் நின்று, ஒரே அடுப்படியில் பேசியதில் விளைந்த சொல் அது.

வழி சுலபமாகவும் இல்லை. 1997-ல் ஜெய்ப்பூரில் 53 நாள் மீண்டும் தர்ணா இருந்தார்கள். அதன் முடிவில், நகல் தரும் ஆணை பல மாதங்களுக்கு முன்பே அரசிதழில் வந்துவிட்டதாகத் துணை முதல்வர் அறிவித்தார்! தகவல் பெறும் உரிமை பற்றிய ஆணையே மக்களுக்குத் தெரியாமல் இருந்திருக்கிறது. இந்திப் பத்திரிகையாசிரியர் பிரபாஷ் ஜோஷி தொடக்கத்திலேயே இவர்களுடைய குரலை டெல்லிக்குக் கொண்டுசென்றார். 1996-ல் தேசிய அளவில் ஓர் இயக்கம் உருவாயிற்று. 2005-ல் நாடாளுமன்றம் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தை நிறைவேற்றியது, அக்டோபர் 12 முதல் நடைமுறைக்கு வந்தது. இன்று பத்து ரூபாய்க் கட்டணத்தோடு நீங்களும் நானும் போடுகிற ஆர்.டி.ஐ. மனு அப்படித்தான் நம் கைக்கு வந்தது.

இங்கே நம் மாநிலத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. இத்தகைய சட்டத்தை இந்தியாவிலேயே முதலில் இயற்றியது தமிழ்நாடு, 1997-ல். அது நமக்குப் பெருமை. ஆனால் விலக்குகள் நிறைந்த சட்டம் அது. தவிர, அதற்காக ஊர் ஊராகத் தானியம் சேரவில்லை. அதனால்தான் அதை நம் மக்கள் தங்கள் சட்டமாக எடுத்துப் புழங்கவில்லை என்பது என் எண்ணம். மேலிருந்து வந்த சட்டத்துக்கும் பியாவர் கடைவீதியிலிருந்து வந்த சட்டத்துக்கும் இடையிலான வேறுபாட்டை நாம் நேரில் கண்டிருக்கிறோம்.

இப்போது ஏன் இதை எழுதுகிறேன்? 2023-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தகவல் உரிமைச் சட்டத்தின் 8(1)(j) பிரிவைத் திருத்துகிறது. தனிநபர் தகவலை மறுப்பதற்கு அந்தப் பிரிவுக்குள்ளேயே முன்பு இருந்த நிபந்தனைகள் எடுக்கப்பட்டுவிட்டன. பொதுநலன் கருதித் தகவல் தரலாம் என்ற 8(2) பிரிவு இன்னும் இருக்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனாலும் ஆர்வலர்களின் கவலை நியாயமானது. மஸ்டர் ரோலில் இருப்பதும் பெயர்தானே, வீடு கட்டும் திட்டத்தின் பயனாளிகள் பட்டியலும் பெயர்தானே? பெயர்களை வாசிக்க முடியாமல் போயிருந்தால் கோட் கிரானாவில் எதுதான் வெளிப்பட்டிருக்கும்?

இதைப் பற்றி எழுதும் நண்பர்கள் பிரிவு எண்ணிலேயே தொடங்குகிறார்கள், நானும் மேலே அப்படித்தான் தொடங்க வேண்டியிருந்தது. உங்களால் வேறு மாதிரி தொடங்க முடியும். ரேஷன் கடைப் பட்டியலிலோ, நூறு நாள் வேலையிலோ, வீட்டுத் திட்டத்திலோ உங்கள் ஊரில் யாராவது ஆர்.டி.ஐ. போட்டு ஓர் உண்மையை வெளிக்கொண்டு வந்திருப்பார். என்ன கேட்டார், என்ன பதில் வந்தது, அதைக் கேட்ட ஊரார் என்ன சொன்னார்கள் என்று எழுதி அனுப்புங்கள். ஊரார் சொன்னதை அவர்கள் சொன்ன சொல்லிலேயே எழுதுங்கள், திருத்த வேண்டாம். எழுத வராதவர் சொல்ல, பிள்ளைகள் எழுதிக் கொடுத்தாலும் சரி. அடுத்த இதழில் வாசகர் பகுதியின் பக்கங்களை இதற்காகவே ஒதுக்கியிருக்கிறோம். அஞ்சலட்டையும் போதும்.

அன்புடன்,
ஆசிரியர்